கோலத்தின் இலக்கணம்

சித்திரக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், எங்கள் எதிர்வீட்டில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் மாமி, ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில், நீர் தெளித்துப் பெருக்கிய தம் வாசலில், நீளத்துக்கு ஆறும் அகலத்துக்கு நான்குமாக 24 புள்ளிகளை இட்டு, அவற்றைச் சுற்றி ஒரு சிக்குக் கோலத்தை இழைத்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து கோலமாவு நூல்போல் இறங்கிற்று. அந்த நூல் புள்ளிகளுக்கு ஊடே சாய்வாகச் சென்று, ஓரத்தை அடைந்ததும் வளைந்து திரும்பி, முன்பு போட்ட இழையைக் குறுக்கே வெட்டி, மறுபடியும் ஓரம் கண்டு திரும்பி, கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது. ஆனால், அது வந்து சேர்ந்தபோது கோலத்தில் சரிபாதிதான் நிறைந்திருந்தது. மாமி ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். “கம்பி ரெண்டாப் போயிடுத்து” என்று தமக்குள்ளேயே சொல்லிக்கொண்டு, மீதி இடத்தில் இரண்டாவது இழையையும் போட்டு முடித்தார். பிறகு, ஓரமாக ஓரிடத்தில் இரண்டு இழைகளும் ஒன்றையொன்று வெட்டுகிற சந்திப்பை விரலால் அழித்து, அவ்விடத்தில் வெட்டுக்குப் பதிலாக ஒன்றையொன்று தொடாத இரண்டு வளைவுகளை இட்டார். அவ்வளவுதான், இரண்டு கம்பியும் ஒரே கம்பியாகிவிட்டன.

என்னைச் சிறு வயது முதலே அறிந்தவராதலால், தயக்கமின்றி அருகே சென்று, “எந்த இடத்தில் அழிக்க வேண்டும் என்று எப்படி மாமி தெரிந்தது?” என்று கேட்டேன். “அது என்ன பெரிய வித்தையா? ரெண்டு கம்பியும் ஒண்ணை ஒண்ணு வெட்டற இடமாப் பாத்து அழிச்சு வளைச்சுட்டா, ரெண்டும் சேர்ந்துடும். ஒரே கம்பி தன்னைத் தானே வெட்டிக்கற இடத்திலே கையை வெச்சியோ, இருக்கறதும் ரெண்டா உடைஞ்சாலும் உடையும்” என்றார்.

மாமி சொன்ன இந்த இரண்டு வாக்கியங்களும் கணிதத்தில் நிரூபணம் உள்ள உண்மைகள். மூடிய வளைகோடுகள் இரண்டு வெட்டிக்கொள்ளும் இடத்தில் வெட்டை நீக்கி வளைவுகளாக மாற்றினால் அவை எப்படியும் ஒன்றாகவே சேரும். ஒரே வளைகோடு தன்னைத் தானே வெட்டும் இடத்தில் அவ்வாறு செய்தால், வளைக்கும் விதத்தைப் பொறுத்து, அது இரண்டாகப் பிரியலாம், அல்லது ஒன்றாகவே நிற்கலாம். கல்லூரியில் இதைப் பாடமாகப் படிப்பவர்கள் உண்டு. மாமி இதைத் தம் தாயாரிடம் வாசலில் குனிந்து கற்றார். இத்தகைய ஞானம் நம் வீட்டு வாசல்களில் நாள்தோறும் பிரயோகமாகி வருகிறது என்பதையும், அதைக் கண்டு பிரமித்துத் தாளும் எழுதுகோலுமாக உட்கார்ந்துவிட்ட சில அறிஞர்கள் இதே சென்னைப் பட்டினத்தில் இருந்தார்கள் என்பதையும், அவர்கள் தொடங்கிய முயற்சி இன்று உலகத்துக் கணிப்பொறி நூல்களில் ‘கோலம்’ என்ற தமிழ்ச் சொல்லையே நிலைநிறுத்தியிருக்கிறது என்பதையும் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கோலத்தின் நியமங்களைப் பார்ப்போம். புள்ளிக் கோலங்களில் இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. புள்ளியோடு புள்ளியைக் கோட்டால் சேர்த்துப் பூவும் கிளியும் தேரும் அமைப்பது ஒரு வகை. புள்ளியைத் தொடாமல் அதைச் சுற்றிச் சுற்றி இழையை ஓட்டுவது மற்றொரு வகை; இதைச் சிக்குக் கோலம், நெளிக் கோலம், கம்பிக் கோலம் என்று ஊருக்கு ஊர் வெவ்வேறு பெயரிட்டு அழைக்கிறார்கள். இந்த இரண்டாம் வகைக்கு எழுதாத சட்டங்கள் சில இருக்கின்றன. எந்தப் புள்ளியும் இழையின் அரவணைப்புக்கு வெளியே நிற்கலாகாது. இழையின் நுனி எங்கும் தொங்கலாக முடியலாகாது, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். ஒருமுறை இழைத்த தடத்தின்மேலேயே மறுமுறை இழைக்கலாகாது. கூடுமானவரை முழுக் கோலமும் ஒரே இழையாக இருப்பது விசேஷம். இந்தச் சட்டங்களுக்கு உட்பட்டு எத்தனை புள்ளிக்கு எத்தனை இழை வரும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதே விடை. அதற்கு நாலாம் வகுப்புக் கணக்கே போதுமானது.

ஒரு தாளை எடுத்து, இரண்டு வரிசையில் மும்மூன்றாக ஆறு புள்ளிகள் இடுங்கள். அடுத்தடுத்த எந்த இரண்டு புள்ளிக்கும் நடுவே இழைகள் குறுக்காக வெட்டிச் செல்ல வேண்டும், ஓரத்துக்கு வந்ததும் திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றிலும் நான்கு சாய்வுத் துண்டுகள் அமையும். ஆகவே ஆறு புள்ளிக்கு மொத்தம் 24 துண்டுகள். இனி, இழையோடு நாமும் பயணம் செய்வோம். மூன்று புள்ளி அகலத்தை ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கடந்து, திரும்பிப் பழைய நிலைக்கு வர 12 துண்டுகள் ஆகும். இரண்டு புள்ளி உயரத்தை அவ்வாறே ஏறி இறங்க 8 துண்டுகள் ஆகும். இழையோ சாய்வாகச் செல்வது. பக்கவாட்டுப் பயணமும் மேல்கீழ்ப் பயணமும் அதற்கு ஒருங்கே நடக்கின்றன. இரண்டு பயணமும் ஒரே கணத்தில் முடிந்தால்தான் அது புறப்பட்ட இடத்தை அடையும். 12க்கும் 8க்கும் மீச்சிறு பொது மடங்கு 24. துண்டுகளோ மொத்தமே 24. ஆகவே ஒரே இழையில் கோலம் முழுவதும் நிறைந்துவிடுகிறது.

இதே கணக்கை மூன்றுக்கு மூன்று புள்ளிகளில் போட்டுப் பாருங்கள். துண்டுகள் 36, இரு பயணங்களும் 12, 12, ஆகவே பன்னிரண்டாம் துண்டிலேயே இழை வீடு திரும்பிவிடும், மிச்சத்துக்கு இன்னும் இரண்டு இழைகள் வேண்டும். இவ்வாறு யோசித்துச் சென்றால் ஒரு பொதுவிதி கிடைக்கிறது. புள்ளிகள் நீளத்துக்கு எத்தனை, அகலத்துக்கு எத்தனை என்ற இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ, அதுவே இழைகளின் எண்ணிக்கை. நான்குக்கும் ஐந்துக்கும் பொது வகுத்தி 1. ஆகையால் ஒரே இழை. நான்குக்கும் ஆறுக்கும் பொது வகுத்தி 2; ஆகையால் மாமியின் கம்பி இரண்டாகப் போய்விட்டது. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் யூக்லிட் தம் நூலில் பொது வகுத்தியைக் காணும் முறையை விளக்கினார். அதன் பயன் சித்திரக்குளத்து வாசலில் மாவினால் எழுதப்படுகிறது.

இந்த வித்தை நமக்கு மட்டுமே உரியது என்று எண்ண வேண்டியதில்லை. ஆப்பிரிக்காவில் அங்கோலா நாட்டைச் சேர்ந்த சோக்வே மக்கள், மணலில் விரலால் புள்ளியிட்டு அவற்றைச் சுற்றி ஒரே கோட்டை ஓட்டிக் கதை சொல்லும் வழக்கம் உடையவர்கள். அச்சித்திரங்களுக்குச் சோனா என்று பெயர். மொசாம்பிக்கில் வாழ்ந்த கணித அறிஞர் பவுலுஸ் கெர்டெஸ் அவற்றை ஆராய்ந்து மேற்சொன்ன பொது வகுத்தி விதியை அவற்றில் எடுத்துக் காட்டினார். கடல் கடந்து இரண்டு இடங்களில், ஒருவரையொருவர் அறியாத இரண்டு மக்கள் கூட்டத்தார், ஒரே கேள்வியைப் புள்ளிகளிடம் கேட்டு ஒரே விடையைப் பெற்றிருக்கிறார்கள். ஆயினும், ஒரு வேற்றுமை. அங்கே அது பெரும்பாலும் ஆடவர் கலை. இங்கே பெண்களின் கலை. அங்கே கதையின் துணை. இங்கே நாளின் தொடக்கம்.

பொதுவிதி ஒன்று கிடைத்துவிட்டதால் கோலத்தின் ரகசியம் முழுவதும் வெளிப்பட்டுவிட்டது என்று சொல்வதற்கில்லை. எல்லா இடத்திலும் இழைகள் வெட்டிக்கொள்ளும் கோலங்கள் மிகச் சிலவே. எங்கே வெட்டுவது, எங்கே வெட்டாமல் வளைவது என்று தெரிந்தெடுப்பதில்தான் ஆயிரக்கணக்கான கோலங்கள் பிறக்கின்றன. அந்தத் தேர்வுக்கு ஒரு கிரமம் உண்டா, ஒரு சிறு கோலத்திலிருந்து அதே ஜாதியில் பெரிய கோலத்தை வளர்க்கும் முறை என்ன என்ற கேள்விகளோடு, 1970களின் தொடக்கத்தில், தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் ஆசிரியர்கள் சிலர் கோலத்தை நெருங்கினார்கள். அவர்களுள் முதன்மையானவர் அக்கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி.

1932இல் பிறந்து 1988இல் மறைந்த அப்பேராசிரியர் ஒரு துறைக்குள் அடங்கியவர் அல்லர். மாமல்லபுரத்துச் சிற்பங்களை ஆராய்ந்தார். பழந்தமிழ்க் கல்வெட்டு எழுத்துகள் காலத்தால் மாறிவந்த வரலாற்றை ஆராய்ந்தார். சிந்துவெளி முத்திரைகளின் குறிகளைக் கணிப்பொறியின் துணைகொண்டு நோக்கினார். நம் மண்ணில் கிடக்கும் பொருள்களிடம் நவீன விஞ்ஞானத்தின் கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் சங்கற்பமாக இருந்ததென்று அவருடைய எழுத்துகளைப் படிப்பவர்களுக்குத் தோன்றும். அவர் துணைவியார் ராணி சிரோமணி கணித அறிஞர். மொழிகளின் இலக்கணத்தைக் கணித ரீதியாக அணுகும் துறையில் இந்தியாவிலேயே முன்னோடியாக விளங்கியவர். அவரிடம் ஆராய்ச்சி செய்த கமலா கிருத்திவாசன், பின்னாளில் அடையாற்றை ஒட்டிய ஐ.ஐ.டி.யில் கணிப்பொறியியல் பேராசிரியராக விளங்கினார். இம்மூவரும் சேர்ந்து, ‘அணிவரிசை இலக்கணங்களும் கோலமும்’ என்று பொருள்படும் தலைப்பில் 1974இல் எழுதிய கட்டுரை, கணிப்பொறிச் சித்திரக் கலைக்கென நடந்த ஒரு சர்வதேச ஏட்டில் வெளியாயிற்று.

இலக்கணம் என்ற சொல் இங்கே எப்படி வந்தது என்று வாசகர் கேட்கக்கூடும். 1950களில் அமெரிக்க மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி, ஒரு மொழியின் வாக்கியங்களையெல்லாம் மாற்றுவிதிகள் சிலவற்றைக்கொண்டு பிறப்பிக்க முடியும் என்று காட்டினார். வாக்கியம் என்ற குறியை எழுவாய், பயனிலை என்ற இரண்டு குறிகளாக மாற்று; எழுவாய் என்ற இடத்தில் ஒரு பெயரை இடு; பயனிலை என்ற இடத்தில் ஒரு வினையை இடு; இவ்வாறு மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு முழு வாக்கியம் உருவாகிறது. விதிகள் பத்தே இருக்கலாம்; அவற்றிலிருந்து பிறக்கும் வாக்கியங்களுக்கு முடிவில்லை. சூத்திரங்களால் ஒரு மொழி முழுவதையும் பிறப்பிக்கும் யுக்தி பாணினியை அறிந்த நாட்டாருக்குப் புதிதன்று. தொல்காப்பியத்தைப் போற்றும் நமக்கும் இலக்கணத்தின் ஆற்றல் பழகிய விஷயமே.

ஆனால் வாக்கியம் என்பது ஒற்றை வரி. சொல்லுக்குப் பின் சொல்லாக ஒரே திசையில் செல்வது. சித்திரமோ நீளமும் அகலமும் உடையது. தாம்பரத்து ஆராய்ச்சியாளர்கள் அந்த இடைவெளியைக் கடக்க வழி கண்டார்கள். அவர்கள் முதலில் அமைத்த ஒரு முறையில், விதிகள் முதற்கண் கிடைமட்டமாக ஒரு வரியைப் பிறப்பிக்கும்; பிறகு, அந்த வரியிலுள்ள ஒவ்வொரு குறியும் ஒரே சமயத்தில் கீழ்நோக்கி வளரத் தொடங்கும்; பாவில் ஊடு ஏறுவதுபோல் வரிக்குக் கீழ் வரியாகப் பரப்பு நிறையும். அடுத்த முறையில், குறிகளைச் செவ்வகமாக அணிவகுத்து, ஒரு செவ்வகத்தின் பக்கத்திலோ அடியிலோ மற்றொன்றைப் பொருத்தி விஸ்தரிக்கும் விதிகளை வகுத்தார்கள். நம் பழைய ஐந்திலக்கணத்தில் அணியும் ஒன்று. அது செய்யுளின் அழகைக் கூறுவது. இந்தப் புதிய அணியிலக்கணமோ புள்ளிகள் அணிவகுத்து நிற்கும் முறையைக் கூறுவது; அழகைக் கூறும் பொறுப்பு இரண்டுக்கும் பொது. இவ்விலக்கணங்களுள் ஒரு வகைக்குக் கோலம் அணி இலக்கணம் என்ற பெயரே நிலைத்து, இன்றும் அத்துறை ஆய்வேடுகளில் அப்படியே வழங்கி வருகிறது.

கிஃப்ட் சிரோமணி இதை நிபுணர்களுக்கு மட்டுமே உரிய சங்கதியாக விட்டுவிடவில்லை. அடையாற்றுக்குத் தெற்கே திருவான்மியூரில் இயங்கும் கலாக்ஷேத்திரத்தின் காலாண்டிதழில், 1978இல், தென்னிந்தியக் கோலங்களைப் பற்றிக் கலை ரசிகர்களுக்காக எழுதினார். நடனத்துக்கும் சங்கீதத்துக்கும் இடம் தந்த அந்த ஏட்டில் வாசற்கோலமும் கணிதமும் கைகோத்து அமர்ந்தது மிகப் பொருத்தமான காட்சி என்றே நான் கருதுகிறேன்.

இங்கே, தாவரங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. ஹங்கேரியில் பிறந்த உயிரியலாளர் அரிஸ்டிட் லிண்டன்மேயர், 1968இல், நூல்போல் வளரும் சிற்றுயிர்களில் ஒரு செல் இரண்டாகவும் இரண்டு நான்காகவும் பெருகும் முறையை மாற்றுவிதிகளாக எழுதினார். சாம்ஸ்கியின் விதிகள் ஒரு நேரத்தில் ஒரு குறியை மாற்றுவன. லிண்டன்மேயரின் விதிகளோ எல்லாக் குறிகளையும் ஒருங்கே மாற்றுவன. ஏனெனில், செடி வளரும்போது எல்லாக் கிளைகளும் ஒரே சமயத்தில் வளர்கின்றன. போலந்தில் பிறந்து கானடாவில் பணியாற்றிய புருசிங்கியவிச் என்ற அறிஞர் இவ்விதிகளைக் கணிப்பொறிச் சித்திரங்களாக மாற்றிக் காட்டியபோது, மரங்களுக்கும் பூக்களுக்கும் துணையாக அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று நம் கோலம். கிருஷ்ணனின் காற்சதங்கை என்று பெயர்பெற்ற கோலம் அது.

அதன் விதியைச் சொல்கிறேன். ஒரே ஒரு விதிதான். ‘க’ என்று ஒரு குறியை வைத்துக்கொள்ளுங்கள். க வந்த இடத்திலெல்லாம், ‘க, ஓரடி முன்னே போ, க, 45 பாகையாக இருமுறை திரும்பு, க, ஓரடி முன்னே போ, க’ என்று மாற்றி எழுத வேண்டும். தொடக்கத்தில் இருப்பவை இரண்டு க. ஒருமுறை விதியைப் பிரயோகித்தால் எட்டு, இன்னொரு முறை பிரயோகித்தால் 32, மறுமுறை 128. எழுதி முடித்த பின், அந்த நீண்ட கட்டளைத் தொடரின்படி கோட்டை ஓட்டினால், சதங்கைக்குள் சதங்கையாக ஒரு வடிவம் விரிகிறது. ஒரு வரிக் கட்டளைக்குள் அவ்வளவு பெரிய சித்திரம் ஆலம்வித்தில் மரம்போல் அடங்கியிருந்தது. நம் பாட்டிமார் ஒரு கோலத்தைக் கற்றுக்கொண்டு அதையே மூன்று மடங்கு, ஐந்து மடங்கு பெரிதாகத் திருவிழாவில் போடும்போது செய்ததும் இதுவே. அவர்கள் படத்தைப் பெரிதாக்கவில்லை. விதியை மறுபடியும் பிரயோகித்தார்கள்.

இக்கருத்துக்கு அனுபவ ஆதாரமும் உண்டு. கோலம் போடுகிறவர்கள் அதை எவ்வாறு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று சென்னை ஆராய்ச்சியாளர்கள் கவனித்தபோது, பெண்கள் அதை முழு உருவமாக நினைவுகூராமல், ‘நேரே போய், வலப்பக்கம் திரும்பி, புள்ளியைச் சுற்றிக்கொண்டு வந்து’ என்று, நடையின் கிரமமாகவே நினைவுகூர்ந்ததைக் கண்டார்கள். 1960களின் இறுதியில் அமெரிக்காவில் சிறுவர்களுக்காக உருவான லோகோ என்ற கணிப்பொறி மொழியில் ஓர் ஆமை உண்டு. முன்னே போ, திரும்பு என்ற கட்டளைகளுக்கு அடங்கி அது திரையில் கோடு இழுத்துச் செல்லும். அந்த ஆமைக்கு இடும் கட்டளைகளும், மகளின் அருகே குந்தியிருந்து தாய் சொல்லும் கட்டளைகளும் ஒரே இனத்தவை. கோலம் ஓர் உருவமன்று. அது ஒரு விதி. தரையில் நாம் காண்பது அந்த விதி ஒருநாள் எடுத்த வடிவமே.

இந்த ஞானப் பரம்பரையில் அண்மைக் காலத்துக்குரிய ஒரு கிளை என்னை மிகவும் கவர்ந்தது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் விண்வெளிக் கதிர்களை ஆராய்ந்து ஓய்வு பெற்ற பௌதிக விஞ்ஞானி எஸ். நாராணன், பிபனாச்சி எண்களைக்கொண்டு கோலங்களை அமைக்கும் முறையொன்றை வகுத்து, 2008இல் எல்லாரும் படிக்கும்படி இணையத்தில் வைத்தார். 1, 1, 2, 3, 5, 8, 13, 21 என்று, முந்திய இரண்டையும் கூட்டினால் அடுத்தது கிடைக்கும்படி செல்லும் தொடரே பிபனாச்சி எண்கள். 1202இல் இத்தாலியர் ஒருவர் எழுதிய நூலால் அப்பெயர் வழங்குகிறதாயினும், அதற்கு முன்பே ஹேமசந்திரர் முதலிய நம் நாட்டு யாப்பு வல்லுநர்கள், ஒரு மாத்திரை லகுவும் இரண்டு மாத்திரை குருவும் கலந்து ஓரடியை எத்தனை விதமாக நிரப்பலாம் என்று எண்ணியபோது இதே தொடரைக் கண்டார்கள். மூன்று மாத்திரைக்கு மூன்று விதம், நான்குக்கு ஐந்து விதம், ஐந்துக்கு எட்டு விதம். மயிலாப்பூர்ச் சபைகளில் விரல்விட்டுத் தாளம் போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு அந்நியமாகத் தோன்றாது.

இத்தொடருக்கும் கோலத்துக்கும் என்ன சம்பந்தம்? அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பிபனாச்சி எண்களுக்கு 1ஐத் தவிர வேறு பொது வகுத்தி கிடையாது. ஆகவே 2க்கு 3, 3க்கு 5, 5க்கு 8 என்று புள்ளி வைத்து எங்கும் வெட்டிச் செல்லும் கோலம் போட்டால், மேலே கண்ட விதிப்படி, எப்போதும் ஒரே இழைதான். செவ்வகத்தில் இழை ஒன்றாக வருவது சுலபம். சதுரத்தில் அது வராது. ஐந்துக்கு ஐந்து என்றால் ஐந்து இழை வந்துவிடும். மாமி செய்ததுபோல் ஓரிடத்தில் ஒட்டுப் போட்டு இணைக்கலாம். ஆனால், ஓர் ஓரத்தில் மட்டும் மாற்றினால் கோலத்தின் சமச்சீர் குலைந்துபோகும். சமச்சீரும் குலையாமல் இழையும் ஒன்றாக வேண்டுமானால் என்ன செய்வது என்பதே கேள்வி.

நாராணன் கையாண்ட யுக்தி ஒரு சிறு சமன்பாட்டில் அடங்குகிறது. 5க்கு 5 புள்ளிகள் 25. அது ஒரு நடுப்புள்ளியும், 2க்கு 3 ஆன நான்கு செவ்வகங்களுமாகப் பிரியும். 1 + 24 = 25. 8க்கு 8 என்றால், நடுவில் 2க்கு 2, சுற்றிலும் 3க்கு 5 ஆன நான்கு செவ்வகங்கள்; 4 + 60 = 64. 13க்கு 13 என்றால், நடுவில் 3க்கு 3, சுற்றிலும் 5க்கு 8 ஆன நான்கு; 9 + 160 = 169. நடுச்சதுரத்தைச் சுற்றிச் செவ்வகங்கள் காற்றாடியின் இதழ்கள்போல் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும். இந்தப் பிரிவினை தொடர் முழுவதற்கும் செல்லும்.

ஐந்துக்கு ஐந்து கோலத்தை இப்போதே போட்டுப் பார்க்கலாம். மேல் இரண்டு வரிசைகளில் இடப்பக்கத்து மூன்று புள்ளிகளைச் சேர்த்து ஒரு செவ்வகம். வலப்பக்கத்து இரண்டு நிரல்களில் மேல் மூன்று புள்ளிகளைச் சேர்த்து இரண்டாவது. அவ்வாறே கீழே வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. நடுவில் தனியாக ஒரு புள்ளி. ஒவ்வொரு செவ்வகமும் தனக்குள் ஒரே இழை; நடுப்புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம்; ஆக இழைகள் ஐந்து. நடுப்புள்ளியின் நான்கு பக்கத்து அண்டைப் புள்ளிகளையும் கவனியுங்கள்: ஒவ்வொன்றும் வெவ்வேறு செவ்வகத்தைச் சேர்ந்ததாக இருக்கும். இனி, நடுவட்டத்தை அந்த நான்கு இடங்களிலும் அண்டைச் செவ்வகத்தின் இழையோடு வெட்டிச் செல்லவிடுங்கள். வெவ்வேறு இழைகள் இரண்டைச் சேர்க்கும் ஒவ்வோர் இணைப்பும் இழைகளில் ஒன்றைக் குறைக்கும் என்பது மாமி வாக்கின் மறுபாதி. ஐந்து இழை, நான்கு இணைப்பு, மிஞ்சுவது ஒன்று. கோலத்தை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே தோற்றம். இரவில் தூக்கம் வராமல் இதைத் தாளில் போட்டு, கடைசி வளைவு தொடக்கத்தைத் தொட்டதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட ஆனந்தத்தை மறக்க முடியாது.

இன்று கோலத்துக்குக் குறைவில்லை என்றுதான் முதற்பார்வையில் தோன்றும். ஜனவரியில் மயிலாப்பூர்த் திருவிழா நடக்கும்போது, வடக்கு மாட வீதியில் போட்டிக்காகக் கட்டம் கட்டிக் கொடுத்த இடங்களில், வயது முதிர்ந்த பாட்டியும் பள்ளிக்கூடத்துச் சிறுமியும் அடுத்தடுத்து அமர்ந்து புள்ளி வைப்பதைக் காணக் கண் கோடி வேண்டும். கைப்பேசியைத் திறந்தால் கோலப் படங்கள் வந்து குவிகின்றன. தியாகராய நகரின் அடுக்குமாடிகளில், நாற்சதுர அடி வாசலில்கூட மூன்று புள்ளிக் கோலமாவது போட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிற பெண்கள் இருக்கிறார்கள். நேரமில்லாதவர்கள் பிளாஸ்டிக் தாளில் அச்சிட்ட கோலத்தை வாங்கிப் படியில் ஒட்டிக்கொள்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவரவர் காலையில் எத்தனை சுமை என்பதை அவரவரே அறிவர்.

ஆயினும் ஒரு விஷயத்தை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். புகைப்படத்தில் உருவம் இருக்கிறது; விதி இல்லை. இழை எங்கே புறப்பட்டது, எந்தப் புள்ளியை முதலில் சுற்றியது, எந்த வெட்டு முந்தியது, எது பிந்தியது, பெரிதாக்க வேண்டுமானால் எந்தப் பகுதியைத் திரும்பச் செய்ய வேண்டும் என்பவற்றையெல்லாம் முடிந்த கோலத்தின் படம் சொல்லாது. தாம்பரத்துப் பேராசிரியர்கள் கோலத்திலிருந்து இலக்கணத்தைக் கண்டெடுத்தது, போடுகிறவர்களின் நடையையும் சொல்லையும் மதித்ததால். கோலத்தைக் காப்பாற்ற வேண்டுமென்று விரும்புகிறவர்கள் படத்தோடு நின்றுவிடாமல், கை செல்லும் வழியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு ஆராய்ச்சி நிலையம் வேண்டியதில்லை. அம்மாவின் எதிரே உட்கார்ந்து அவர் வாயால் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளும் ஒரு மகளோ மகனோ போதும்.

இந்த எண்ணத்தோடுதான் மாமியிடம் அவருடைய கோல நோட்டைக் கேட்டு வாங்கினேன். விளிம்பெல்லாம் மடிந்து பழுத்த நாற்பது பக்க நோட்டு. அதில் ஒரு கோலமும் முழுமையாக வரையப்பட்டிருக்கவில்லை. தலைப்பில் ‘15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி’ என்பதுபோல் ஒரு குறிப்பு. அதன் கீழே எல்லாப் புள்ளிகளும் கிரமமாக இருக்கும். இழை மட்டும் கால்பாகத்தோடு நின்றுவிடும். “மீதியை ஏன் மாமி போடவில்லை?” என்று கேட்டதற்கு, அவர் என்னைச் சற்று வியப்போடு பார்த்து, “மீதிதான் தெரியுமே!” என்றார். பிறகு, நோட்டை என் கையிலிருந்து வாங்கி, ஏதோ ஒரு பக்கத்தைப் புரட்டி, மேல்வரிசையில் மூன்றாவது புள்ளியின் அருகே பென்சிலால் இட்டிருந்த மிகச் சிறிய அம்புக்குறி ஒன்றைச் சுட்டிக் காட்டினார். அவருடைய தாயார் போட்டது அது. இழை அங்கே புறப்பட வேண்டும்.